தண்ணீர் இறங்காத வாஷிங் மெஷின், தொட்டால் ஷாக் அடிக்கும் கதவு

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

சொந்த வீடு, மாடியில் குடியிருக்கிறார்கள். வாஷிங் மெஷின் ஃபிரண்ட் லோட், 7 கிலோ, வாங்கி ஏழு வருடம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது, பின்பக்கம் இருந்த மெஷினை பாத்ரூம் வாசலுக்கு நகர்த்தினார்கள். அங்கே பவர் பிளக் இல்லாததால், ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் மாட்ட உதவும் கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓட்டி வந்திருக்கிறார்கள். தண்ணீர் வெளியேறும் ஹோஸ் எட்டவில்லை என்று இன்னொரு ஹோஸை ஒட்டுப்போட்டு நீட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நாளாகவே துவைத்து முடிக்க அதிக நேரம் எடுத்தது. போன வாரம் நின்றேவிட்டது. துவைக்கிறது, அலசப் போகும்போது ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம், தண்ணீர் டிரம்மிலேயே நிற்கிறது. தண்ணீர் வெளியேறவில்லை என்பதற்கான குறியீடு திரையில் வருகிறது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளின் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி பெயரைப் போட்டு இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டில் ஒருவர் வந்தார். மேல்மூடியைக் கழற்றி, உள்ளே போட்டோ எடுத்து, “பிசிபி போர்டு போய்விட்டது, 11,500 ரூபாய் ஆகும்” என்றார். விசிட்டிங் சார்ஜ் 450 ரூபாய் ரொக்கமாகவும், முன்பணம் 2,000 ரூபாய் ஜிபேயிலும் வாங்கிக்கொண்டு போனார். பில் இல்லை. இப்போது போன் எடுப்பதில்லை. கணவர் புது மெஷின் வாங்கலாம் என்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி, யூடியூப் பார்த்து நானே பிரிக்கிறேன் என்கிறான். மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று மெஷினில் ஸ்டிக்கர் இருக்கிறதே, போர்டு அதில் வராதா என்றும் கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி: “ஈரக் கையோடு கதவைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. பெயின்ட் அடித்ததிலிருந்தே அப்படித்தான். செருப்புப் போட்டுக்கொண்டு தொடு என்கிறார் என் கணவர்.”

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம், உங்களுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியதுதான்: பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த ஷாக்

மெஷினுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவது அதன் வேலை. அதிலுள்ள சின்ன கெபாசிட்டர்கள் மெஷினின் உலோக உடம்போடு இணைந்திருக்கும். மெஷின் நன்றாக இருக்கும்போதும் அவை வழியாக மிகச் சிறிய கரண்ட் எர்த் ஒயருக்குப் போய்க்கொண்டே இருக்கும். எர்த் ஒயர் இல்லாவிட்டால் அதற்குப் போக வழியில்லை. மெஷினின் உடம்பு ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில், அதாவது நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். நீங்கள் ஈரக் கையால் தொட்டதும் அந்தக் கரண்ட் உங்கள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. அதுதான் அந்தச் சுருக்.

விலை குறைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பலவற்றில் மேலே மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் உள்ளே ஓடுவது இரண்டு ஒயர்தான். எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. பழைய இடத்தில் ஏழு வருடமாக வராத ஷாக், பாக்ஸில் போட்டதிலிருந்து வருகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

‘அப்படியானால் லேசான கரண்ட்தானே’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சிறிய கரண்ட் தனியாக ஆளைக் கொல்லாது என்பது உண்மை. ஆனால் உங்கள் பகுதியில் போர் தண்ணீர். உப்புப் படிந்து தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரின் உறை விரிசல் விடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி ஒரு நாள் விரிந்தால், எர்த் இருக்கும் வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகும், இல்லை ஃபியூஸ் போகும். எர்த் இல்லாத வீட்டில் ஒன்றும் ஆகாது, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், முழுக் கரண்டும் கதவில் காத்திருக்கும். கதவைத் தொடுபவர் பாத்ரூமிலிருந்து ஈரக் காலோடு வரும் உங்கள் மகளாகவும் இருக்கலாம். இப்போது வரும் ஷாக் ஃபில்டரால் வருகிறதா, ஹீட்டர் கசிவால் வருகிறதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

செருப்பு இதற்குத் தீர்வு கிடையாது. உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு கை மெஷினிலும் இன்னொரு கை குழாயிலும் இருந்தால் செருப்பு என்ன செய்யும்?

இன்னொன்று. தண்ணீரைச் சூடாக்கும்போது இந்த மெஷின் சுமார் 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது எட்டரை ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் பாக்ஸ் அதைத் தாங்காது. பாக்ஸின் பிளக் எப்போதாவது சூடாக இருந்ததா, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாக்ஸை வேறு எதற்கும் வைத்துக்கொள்ளாமல் தூக்கிப் போடுங்கள்.

என் யோசனை எளிது. மெஷினைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். அறுபது, எழுபது கிலோ கனம் இருக்கும், இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துங்கள். அங்கே 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறது, ஹோஸும் எட்டும். பிளக்கைப் போடும் முன் ஒரு ஒயர்மேனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்றால் ஏற்காதீர்கள். டெஸ்டர் ஃபேஸைக் காட்டும், எர்த் நன்றாக இருக்கிறதா என்று காட்டாது. அப்படியே வீட்டின் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், புது மெஷினைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள் என்பேன்.

போர்டு போயிருக்குமா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மெஷின் தண்ணீர் பிடிக்கிறது, டிரம்மைச் சுற்றுகிறது, நேரத்தைக் கணக்கு வைக்கிறது, பம்ப்பை ஓடச் சொல்கிறது, குறிப்பிட்ட நிமிடத்துக்குள் தண்ணீர் மட்டம் இறங்கவில்லை என்று கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்கிறது. இத்தனையையும் செய்வது அந்தப் போர்டுதான். போர்டில் பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு பாகம் மட்டும் பழுதாவதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியானால் பம்ப் பொதுவாகச் சத்தமே போடாது. உங்களுக்கு ‘ம்ம்ம்’ என்று கேட்கிறது. கரண்ட் பம்ப்புக்கு வருகிறது, ஏதோ ஒன்று தண்ணீரைத் தடுக்கிறது அல்லது பம்ப் சுற்ற முடியாமல் திணறுகிறது என்றுதான் அந்தச் சத்தத்தை நான் எடுத்துக்கொள்வேன்.

வந்தவர் கீழேயுள்ள சின்ன மூடியைத் திறக்கவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டால் இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் முதலில் குனிவது அந்த மூடிக்குத்தான். மல்டிமீட்டரையும் கையில் எடுக்காமல், மேலிருந்து ஒரு போட்டோவை வைத்துப் போர்டு போய்விட்டது என்று சொல்ல முடியாது.

நீங்களே செய்யக்கூடியது

தண்ணீர் வெளியேறும் வழியிலும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, மேலே சொன்ன மின்சார ஃபில்டர் வேறு. இதைச் சுத்தம் செய்வது வீட்டுக்காரர்களின் வேலை என்றே கம்பெனிகள் கையேட்டில் போட்டிருக்கின்றன. அதைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

பிளக் கழன்றிருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் மூடியிருக்க வேண்டும். மெஷினின் முன்பக்கம் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், ஒரு சின்ன மூடி இருக்கும். ஒரு நாணயத்தையோ தட்டையான ஸ்க்ரூடிரைவரையோ விட்டு நெம்பினால் வந்துவிடும். உள்ளே வட்டமான பெரிய திருகு ஒன்று, அதுதான் ஃபில்டர். சில மாடல்களில் பக்கத்திலேயே மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும். அதன் மூடியைக் கழற்றித் தாம்பாளத்தில் தண்ணீரை வடியவிடுங்கள். அந்தக் குழாய் இல்லையென்றால் திருகையே இடப்பக்கமாகக் கொஞ்சம் தளர்த்துங்கள், தாம்பாளம் நிறைந்ததும் இறுக்குங்கள், கொட்டிவிட்டு மறுபடி தளர்த்துங்கள். பொறுமை வேண்டும், ஒரு பக்கெட் தண்ணீர் வரும். ஒரே சுற்றில் கழற்றினால் வீடு முழுக்க வெள்ளமாகிவிடும். ஒரு வாரமாக நின்ற தண்ணீர் என்பதால் நாற்றமும் இருக்கும். இப்போது ஆறிப்போயிருக்கும், ஆனால் பின்னாளில் சூடான துவைப்புக்கு நடுவே நின்றால் ஆறும்வரை காத்திருங்கள். 60 டிகிரித் தண்ணீர் கையில் கொட்டினால் வெந்துவிடும்.

தண்ணீர் முழுக்க வடிந்ததும் ஃபில்டரை வெளியே எடுங்கள். ஊக்கு, ஹேர்பின், சட்டைப் பொத்தான், ஒரு ரூபாய் நாணயம், குழந்தையின் ஒற்றை சாக்ஸ், உள்ளாடையிலிருந்து கழன்ற வளைகம்பி: இவ்வளவையும் நான் எடுத்திருக்கிறேன். ஃபில்டரைக் கழுவிவிட்டு, அது இருந்த துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன விசிறி தெரியும். தலைமுடியோ நூலோ அதில் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். விரலாலோ ஒரு குச்சியாலோ விசிறியைத் திருப்பிப் பாருங்கள். அது தடுக்கித் தடுக்கித் திரும்பும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, பழுது என்று பயப்பட வேண்டாம். திரும்பவே இல்லை என்றாலோ, தொளதொளவென்று ஆடினாலோதான் பம்ப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் அந்த ஹோஸ். உண்மையில் ஃபில்டருக்குச் சமமாக எனக்கு இதன்மேலும் சந்தேகம் இருக்கிறது. இந்தப் பம்ப் தண்ணீரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. நீங்கள் ஒட்டுப்போட்ட இடம் உள்ளே குறுகியிருக்கலாம், பாத்ரூம் வாசற்படியில் மடங்கியிருக்கலாம், நீளம் கூடியதே பாரமாக இருக்கலாம். துவைக்கும் நேரம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது திடீரென்று செத்துப்போகும் போர்டின் குணம் கிடையாது, மெல்ல அடைபடும் பாதையின் குணம். ஒட்டுப்போட்ட ஹோஸைக் கழற்றிவிட்டு, பழைய ஹோஸை மட்டும் பழைய இடத்தில் வையுங்கள். அதை அப்படியே தரையில் போட்டுவிடாமல், மெஷினுக்குப் பின்னாலிருக்கும் கொக்கியில் மாட்டி மேலே ஏற்றி இறக்குங்கள். தரையில் கிடந்தால் நிரப்புகிற தண்ணீரும் கூடவே வடிந்துகொண்டிருக்கும்.

கதவை இழுக்காதீர்கள். தண்ணீர் இருக்கும்வரை அது திறக்காமல் இருப்பதுதான் சரி. வடித்த பிறகும் சில மாடல்களில் மறுபடி கரண்ட் கொடுத்தால்தான் பூட்டு விடும். அதனால் எர்த் வேலை முடியும்வரை யூனிஃபார்ம் காத்திருக்க வேண்டிவரலாம். வெளியே வந்ததும் ஒருமுறை சுடுதண்ணீரில் அலசினால் நாற்றம் போய்விடும்.

எல்லாம் முடிந்து, எர்த் சரியாகிய பிறகு, துணி போடாமல் அலசிப் பிழியும் சுற்றை மட்டும் ஓடவிடுங்கள். ஃபில்டர் மூடியில் கசிவு இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஹீட்டர் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள, அடுத்து 60 டிகிரியில் ஒரு வெறும் சுற்று. தண்ணீர் சூடாகத் தொடங்கும் நேரத்தில் ஆர்சிசிபி டிரிப் ஆனால் அதோடு நிறுத்திவிடுங்கள், ஹீட்டர் மாற்ற வேண்டியிருக்கும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம், மெக்கானிக் மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கட்டும்.

தம்பி எதுவரை போகலாம்

தம்பிக்கு ஆர்வம் இருப்பது எனக்குச் சந்தோஷம், நானும் அந்த வயதில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். பம்ப்பைச் சோதிக்க அவனை விடலாம். பிளக்கைக் கழற்றி, பம்ப்பின் கனெக்டரை எடுத்துவிட்டு, அதன் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைக்கட்டும். இந்த வகை 230 வோல்ட் பம்ப்புகளில் பெரும்பாலும் 100 முதல் 200 ஓம்ஸ் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது, பம்ப் மாற்ற வேண்டும். சரியாகக் காட்டினால் மட்டும் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம், விசிறி தேய்ந்த பம்ப்பும் சரியான ஓம்ஸ் காட்டும்.

போர்டைத் தொட வேண்டாம் என்று என் பெயரைச் சொல்லியே அவனிடம் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் மோட்டார் உள்ள மெஷினின் போர்டில், வீட்டுக் கரண்டை நேர்மின்சாரமாக மாற்றிச் சேமிக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். யூடியூப்பில் செய்து காட்டுகிறவர் அதில் நிற்கும் கரண்டை இறக்கிய பிறகு கேமராவைப் போட்டிருக்கலாம். உள்ளேயிருக்கும் தகரத்தின் விளிம்பும் கத்தி மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் கையை விட வேண்டாம்.

கொடுத்த 2,450 ரூபாய்

கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்குத் தேவையில்லை. தேடலில் முதலில் வரும் எண் கம்பெனியின் எண்ணாகத்தான் இருக்கும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அந்த இடத்தை யார் வேண்டுமானாலும் விளம்பரமாக வாங்கலாம். டி-ஷர்ட்டையும் யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். கையேட்டிலோ வாரண்டி அட்டையிலோ அச்சிட்டிருக்கும் எண்தான் நம்பக்கூடியது. முதலில் அந்த எண்ணுக்குப் பேசி, உங்கள் வீட்டு முகவரியில் அவர்கள் யாரையாவது அனுப்பினார்களா என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

அனுப்பவில்லை என்றால், கம்பெனி ஆள் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார். ஜிபேயில் பணம் போன கணக்கு விவரம் உங்களிடம் இருக்கிறது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். நாள் கடக்கக் கடக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்புக் குறையும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அனுப்பினோம் என்றால், அந்தக் கம்பெனியே உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எப்படியானாலும் அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தில் ஒரு செய்தி போடுங்கள்: எந்தத் தேதியில் வந்தார், என்ன சொன்னார், எவ்வளவு வாங்கினார், ஏழு நாளில் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். திட்ட வேண்டாம், மிரட்ட வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் கிடையாது. செய்த வேலைக்குப் பில் தராததையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், அலைச்சலும் இருக்கும். 450 ரூபாய் வீடு தேடி வந்ததற்கான கூலி என்று அவர் வாதாடலாம். 2,000 ரூபாய்க்கு அப்படிச் சொல்ல அவருக்கு எதுவும் இல்லை. ஆணையத்துக்கு முன் சொன்ன படிகளைக் கட்டாயம் செய்யுங்கள், ஆணையம் வரை போவது உங்கள் வசதி.

வாரண்டி ஸ்டிக்கரைப் பற்றி: பத்து வருடம் என்று எழுதியிருப்பது மோட்டாருக்கு மட்டும். போர்டோ பம்ப்போ ஹீட்டரோ அதில் வராது. மோட்டாரே போனாலும் பல கம்பெனிகள் மோட்டாரை இலவசமாகக் கொடுத்துவிட்டு, வந்துபோகும் செலவையும் கூலியையும் கேட்பார்கள்.

புது மெஷின்

இப்போது வேண்டாம். பிழியும்போது விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல் வந்தால், அது டிரம் பேரிங். ஏழு வருட மெஷினுக்கு அந்த வேலை வந்தால் நானே யோசிக்கச் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சத்தம் இல்லை. ஃபில்டரும் ஹோஸும்தான் காரணம் என்றால் உங்கள் செலவு ஒயர்மேனின் கூலி மட்டும். பம்ப்பே மாற்ற வேண்டியிருந்தாலும், மாடலைப் பொறுத்து நான் கூலியோடு 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடித்துக் கொடுக்கிறேன். அதற்கு ரொம்ப மேலே யாராவது கேட்டால், பழைய பம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பில்லில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், பழைய பாகத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எர்த் போடாமல் புது மெஷின் வாங்கி அதே பாத்ரூம் வாசலில் அதே பாக்ஸில் மாட்டினால், அந்தப் புதுக் கதவும் உங்களுக்குச் சுருக்கென்று அடிக்கும். இதை உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும், மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராமை வெறும் டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டுங்கள். போர் தண்ணீர் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது நல்லது. அந்தச் சமயத்தில் பிளீச்சிங் பவுடரோ வெள்ளைத் துணிக்கான பிளீச்சோ சேர்த்துவிடாதீர்கள், எலுமிச்சை உப்பும் பிளீச்சும் கலந்தால் விஷ வாயு வரும்.

ஒயர்மேன் வந்து பார்த்த பிறகு, எர்த் இருந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஃபில்டரில் என்ன கிடைத்தது என்பதையும்.